காலோடு வந்த வளையம்

என் குறிப்பேட்டில், ஆடி மாத முதல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலை 7.10. திருச்செங்கோடு, ரிக் பட்டறை. மைனாக் கூடு இரண்டு. குஞ்சு நான்கு. நான்குக்கும் வளையம்." கீழே நான்கு வளைய எண்கள், ஒரே வரியில்.

கிழமை சரி, நேரம் சரி. தவறு அந்த ஒரே வரியில்தான். ஒரு கூடு பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மற்றொன்று, மழைக்காலத்துக்கு ஊர் திரும்பி அங்கே நின்றிருந்த ஆழ்துளைக் கிணற்று ரிக் லாரியின் இரும்புக் கம்பப் பொந்துக்குள். எந்த எண் எந்தக் கூட்டுக் குஞ்சுக்கு என்று நான் எழுதவில்லை. எடை போடுவதற்காகக் குஞ்சுகளைத் துணிப்பையில் பிடித்திருந்தேன். கிரீசும் எச்சமும் கலந்த நாற்றம். பையிலிருந்து பேன்கள் மணிக்கட்டில் ஏறின. கையைக் கழுவினால் போதும் என்ற அவசரத்தில் எழுதி மூடிவிட்டேன்.

பொந்துக்குள் கைவிட்டுக் குஞ்சுகளை எடுத்து வளையம் மாட்டியவர் பறவை ஆய்வாளர், கல்லூரிப் பேராசிரியை. மாணவியாக இருந்தபோதே எங்கள் பக்கத்துப் பனைகளின் கீழ் உட்கார்ந்து, மைனாக்கள் பொந்துக்காகப் போடும் சண்டையைக் கவனித்தவர். தலையைத் தாழ்த்தும் விதத்தை வைத்தே எது தோற்கும் என்று முன்கூட்டிச் சொல்வார். நான் எழுதிவைத்துப் பார்ப்பேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவருக்குக் குறிப்பெடுப்பதைப் பெருமையாக நினைத்தேன்.

மாசியில், வடக்கே வெகு தொலைவில் உள்ள ராய்ச்சூர்ப் பக்கமிருந்து அவருக்கு ஓர் உறை வந்தது. சாலையோரம் செத்துக் கிடந்த மைனாவின் வளையத்தை, அதில் பொறித்திருந்த முகவரிக்கு யாரோ அனுப்பியிருந்தார். கழற்றத் தெரியாமல் காலோடு வெட்டி அனுப்பியிருந்தார். விரல்கள் சுருண்டிருந்தன. பேராசிரியை அதை டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்தார். என் வரியில் இருந்த எண். பிறந்த இடத்திலிருந்து மைனா அவ்வளவு தொலைவு பறந்து போகும் என்று அவருடைய கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பத்தியில் எனக்கு நன்றி.

அடுத்த ஆனியில் அந்த லாரி திரும்பியது. டிரைவரிடம் மைனாக் கூட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதுங்களா? அந்த வாரமே வண்டி கெளம்பிருச்சு, ராய்ச்சூர் வரைக்கும் கூட்டோட வந்துச்சுங்க சாமி. ஓனருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, டிக்கெட் காசு கேப்பாரு."

"குஞ்சு என்ன ஆச்சுங்க?"

"ஒண்ணு வழியிலயே செத்துப்போச்சுங்க. நாத்தம் தாங்காம குச்சிய உட்டு நோண்டி எறிஞ்சேன். இன்னொண்ணு தயிர்சோறு தின்னே பெருசாச்சு. அங்கயே வயக்காட்டுல பறக்க உட்டுட்டோம்."

"கால்ல வளையம்?"

"கொலுசாட்டம் இருந்துச்சுங்க. நம்பரெல்லாம் யாரு பாத்தா?"

அன்றே பேராசிரியையைப் பார்க்கப் போனேன். முழுக்கக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"ஒரே வரியில எழுதுனது நீங்கதானுங்க சார்."

"ஆமாங்க மேடம். என் தப்புதான். திருத்திடலாம்."

"ராய்ச்சூர்ல செத்துக் கெடந்தது கூரைக்கூட்டுக் குஞ்சா இருந்தா? அது பறந்தே போயிருக்கலாமில்லைங்களா?"

"இருக்கலாம். தெரியலைன்னுதான் எழுதச் சொல்றேனுங்க."

"அடுத்த வாரம் எனக்குத் துறைத்தலைவர் நேர்காணல். இத்தன வருசம் பறவை எச்சத்துல உக்காந்திருக்கேன். உங்களுக்கும் நன்றி போட்டிருக்கேனே சார்." டீயை என் பக்கம் நகர்த்தினார்.

நாள்பட்ட எச்சம்போல அந்த நன்றி என்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. டீயைக் குடிக்கவில்லை. கூடு லாரியில் இருந்தது அவருக்குத் தெரியும், பொந்துக்குள் கையை விட்டவரே அவர்தான். கட்டுரையில் லாரி என்ற சொல்லே இல்லை. பேன் ஏறிய கையை உதறிக்கொண்டு அவருக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்தவன் நான். அருவருப்பில் பாதி என்மேல்தான்.

மறுநாள், புதன்கிழமை, நேர்காணலுக்கு முன்பே, கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலும், டிரைவர் சொன்னதும், என் பெயரை நன்றியிலிருந்து நீக்கும்படி ஒரு வேண்டுகோளும் அதில் உண்டு. பேராசிரியைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். இருவரிடமிருந்தும் இதுவரை பதில் இல்லை. கடிதத்தின் கடைசி வரியை இங்கேயும் எழுதிவைக்கிறேன்: காலோடு வந்த வளையம் லாரிக் கூட்டுக் குஞ்சினுடையதா, கூரைக் கூட்டுக் குஞ்சினுடையதா என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.