செல்வமலரக்காவைக் கேட்டாயிற்றா?

எங்கள் குடும்பத்தில் லண்டனுக்கு முதலில் வந்து சேர்ந்தவர் என் ஒன்றுவிட்ட அக்கா செல்வமலர். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு வந்தவர், அதன்பின் இந்த நகருக்குள்ளேயே நான்கு வீடுகளில் வாழ்ந்திருக்கிறார். முதலில் ஈஸ்ட் ஹாமில் மாமன் வீடு. மாமியின் உறவினர் குடும்பமாக வந்து சேர்ந்தபோது அங்கிருந்து வெஸ்ட் ஈலிங். அவருடைய இளைய தம்பி பத்மநாதன் படிக்க வந்தபோது அவனுக்குச் சமைத்துக் கொடுக்க டூட்டிங். மூத்த தம்பி சண்முகராசாவின் மகன் யதுசன் பிறந்து, அவனுடைய தாய் வேலைக்குத் திரும்பியபோது கிங்ஸ்பரி.

குடும்பப் பதிவுகளைப் பேணுபவன் என்ற முறையில் இந்த இடமாற்றங்களின் ஆண்டுகளைக் குறைந்தது இருவரிடம் விசாரித்து உறுதி செய்திருக்கிறேன். ஆனால், இவற்றில் ஒன்றுக்கேனும் அக்காவின் சம்மதம் கேட்கப்பட்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. கேட்காததை யாரும் குற்றமாகக் கருதவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பிறத்தியாரிடம்தான் சம்மதம் கேட்பார்கள். சொந்த அக்காவிடம் போய் "வருவீர்களா" என்று கேட்பது, அவரை வாசலில் நிறுத்திப் பேசுவதற்குச் சமம் என்பது எங்களுடைய எண்ணம்.

அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. கிங்ஸ்பரியில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையற்கூடத்துக்கு மேற்பார்வையாளராக இருக்கிறார். வயது அறுபத்து மூன்று. பாடசாலைத் தலைமையாசிரியரே அவருடைய சமையற்கூடத்துக்குள் தலைமறைப்பு அணியாமல் வர முடியாது. அவ்வளவு கண்டிப்பானவர், வீட்டில் மட்டும் எல்லோரும் சொன்ன இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவரைப் பேஸ்போல் பார்க்க வைத்தவர், அதே சமையற்கூடத்தில் வேலை செய்யும் கத்தரின். டொரொண்டோவில் பிறந்து, திருமணத்தின் பின் லண்டனுக்கு வந்தவர். ஒரு ஞாயிறு மாலை அக்காவை வெம்பிளிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பப்பின் பின்னறையில், டொரொண்டோ அணியின் பிற்பகல் ஆட்டத்தைப் பெரிய திரையில் காட்டுவார்கள். அங்கு மதியம் என்றால் இங்கு மாலை. இருபது முப்பது பேர் கூடுவார்கள். முதல் நாள் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மட்டையாளருக்குப் பின்னால் முழங்காலை மடித்துக் குந்தியிருந்து, வரும் பந்தையெல்லாம் பிடிக்கும் ஆளை மட்டும் நெடுநேரம் கவனித்திருக்கிறார்.

"உந்த ஆள்தானே எல்லா வேலையையும் செய்யிறார். ஏன் ஒருத்தரும் அவருக்குக் கை தட்டேல்லை?" என்று கத்தரினிடம் கேட்டாராம்.

அந்த ஆளைக் கேட்சர் என்பார்கள். சில ஆண்டுகளில் டெஸ்மண்ட் கோல் என்ற இளைஞர் டொரொண்டோவின் கேட்சராக வந்தார். அன்றிலிருந்து அவர் அக்காவுக்கு "எங்கட டெஸ்". அக்கா சுட்டுக்கொண்டு போகும் மட்டன் ரோல்ஸுக்கு அந்தப் பின்னறையில் தனி மரியாதை உண்டு. யதுசன் பாடசாலை நாட்களிலிருந்தே தன் மாமியான அக்காவுடன் போய்ப் பழகி, அவரைவிடத் தீவிரமான ரசிகனாகிவிட்டான்.

சென்ற கோடையில், வீரர்களை அணிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் நெருங்கியபோது, டெஸ்ஸை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு இரண்டு இளம் வீரர்களை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவியது. டெஸ்ஸுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அந்த ஞாயிறு வெம்பிளிப் பின்னறையில் ஆட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சிலர் நிர்வாகத்தைத் திட்டினார்கள். ஒருவர் டெஸ்ஸின் பெயர் பொறித்த சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வெறும் பனியனோடு இருந்தார். கத்தரின் அழுதே விட்டார்.

யதுசன்தான் உரத்துக் கத்தியவன்.

"பதின்மூண்டு வருஷம் முழங்கால் தேயத் தேய விளையாடினவன், மாமி! இப்ப ரெண்டு சின்னப் பொடியளுக்காக அவனைத் தூக்கிக் குடுக்கப் பாக்கிறாங்கள். கொஞ்சமாவது மனச்சாட்சி வேண்டாமோ?"

அக்கா ரோல்ஸ் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினார். "முதல்ல இதைச் சாப்பிடு. அவையள் நினைச்ச உடனை அனுப்பேலாது. பத்து வருஷம் விளையாடி, அதில கடைசி அஞ்சு வருஷம் ஒரே அணியில இருந்தவனை அனுப்பிறதெண்டா அவனைக் கேக்கோணும். அவன் ஓம் எண்டாத்தான் போகலாம். நீதானே எனக்குச் சொல்லித் தந்தனி?"

"அது சட்டம், மாமி. ஆனா அவனை நெருக்குவாங்கள்."

"நெருக்கட்டும். கேட்டுத்தானே ஆகோணும்."

அதற்கு அடுத்த சனிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பூசை முடிந்து, நாங்கள் கிங்ஸ்பரி வீட்டில் மதிய உணவுக்குக் கூடினோம். பத்மநாதன் மோர்டனிலிருந்து வந்திருந்தான். அங்கே அவனுக்கு இரண்டு கடைகள். வரும்போது கடையிலிருந்து தட்டையாக மடித்த அட்டைப் பெட்டிகள் ஒரு கட்டுக் கொண்டுவந்து நடையில் சாத்தி வைத்தான். அவை எதற்கென்று நானும் கேட்கவில்லை.

பாயசம் பரிமாறப்பட்டபோது பத்மநாதன் சொன்னான்: "அக்கா, வாற சனி வான் கொண்டு வாறன். பெரிய சாமானுகளை முதல்ல கட்டி வையுங்கோ."

"எங்க போறம்?"

"ஏன், ராசண்ணை சொல்லேல்லையோ?"

"நீதானே சொல்லுறன் எண்டனி!" என்றார் சண்முகராசா.

விடயம் மெல்ல வெளியே வந்தது. கார்த்திகையில் யதுசனுக்குத் திருமணம். புதுத் தம்பதிக்கு, தோட்டத்தைப் பார்த்த மேல்மாடி அறை தேவை. அது அக்காவின் அறை. மோர்டனில் பத்மநாதனின் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வீட்டைப் பார்க்க ஆள் தேவை. ஆகவே தம்பிமார் இருவரும் தொலைபேசியில் பேசி, அக்காவை மோர்டனுக்கு மாற்றுவதென்று முடிவுசெய்திருந்தார்கள். இருவருக்கும் வசதி. இருவருக்கும் அக்காமேல் அன்பு உண்டு என்பதையும் நான் இங்கே பதிய வேண்டும். பத்மநாதன் அக்காவுக்கென்று புதிய கட்டில்கூட வாங்கியிருந்தான்.

ஆனால் மோர்டன், நகரின் மறுகோடி. அங்கே போனால் அக்கா நடந்து போகும் பாடசாலை இல்லை, கத்தரின் இல்லை, ஞாயிறு வெம்பிளி இல்லை. முந்தைய மூன்று தடவையும் அவர் விட்டுவந்தவை வீடுகள். இம்முறை விடவேண்டியது, அவரே தேடிக்கொண்ட வாழ்க்கை.

அக்கா பாயசத்தைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப மோர்டனுக்கு ஒரு சமையல்காரி கிடைக்கிறா. கிங்ஸ்பரிக்கு ஒரு அறை கிடைக்குது. நல்ல கைமாத்துத்தான். இதில என்னை ஆர் கேட்டது?"

சண்முகராசா திடுக்கிட்டார். "என்னக்கா இப்பிடிக் கதைக்கிறியள்? கேட்டுக் கொண்டிருக்க நீங்கள் பிறத்தியே?"

"பிறத்தியெண்டாக் கேட்டிருப்பியள். அப்ப இண்டைக்கு ஒருநாள் என்னைப் பிறத்தியெண்டு நினைச்சுக் கேளுங்கோவன்."

அக்கா யதுசன் பக்கம் திரும்பினார். அவன் தன் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த சவ்வரிசியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"யதுசன், போன ஞாயிறு வெம்பிளியில என்னத்துக்குக் கத்தினனி? அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லு."

"மாமி, அது வேற..."

"என்ன வேற? சொல்லு."

அவன் முகம் சிவக்கச் சொன்னான். பத்து வருஷம் விளையாடியவன். கடைசி ஐந்து வருஷம் ஒரே அணி. அவன் சம்மதமில்லாமல் அனுப்ப முடியாது.

"உது ஆர் போட்ட சட்டம்?" என்று பத்மநாதன் கேட்டான்.

"விளையாடுறவை சண்டை பிடிச்சு வாங்கினது, சித்தப்பா," என்ற யதுசன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாமி இஞ்ச வந்து எனக்கு எத்தினை வயசோ அத்தினை வருஷம்" என்றான்.

"இருபத்தெட்டு," என்றார் அக்கா. "டெஸ்ஸுக்குத் தொண்டை கிழியக் கத்தினாய். மாமியின்ர பெட்டியைக் கட்டச் சொல்லேக்கை பாயசம் சுரண்டுறாய். கெட்டிக்காரன்."

சண்முகராசாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யதுசனும் சிரித்துவிட்டான். ஆனால் எழுந்துபோய் நடையில் இருந்த அட்டைப் பெட்டிக் கட்டைத் தூக்கி, சித்தப்பாவின் காருக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு வந்தான். அவன் தன் தவற்றை ஒத்துக்கொண்ட விதம் அது.

அக்கா இன்னும் காத்திருந்தார். கடைசியில் பத்மநாதன் தொண்டையைச் செருமினான். ஐம்பத்தைந்து வயது மனிதன், இரண்டு கடைக்கு முதலாளி, அக்காவிடம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான்:

"அக்கா... மோர்டனுக்கு வருவியளோ?"

"மாட்டன்."

"இவ்வளவு கேக்க வைச்சிட்டு மாட்டனெண்டுறியளே!"

"கேட்டா ஓமெண்டுதான் சொல்லோணுமெண்டு சட்டத்தில இல்லை, பத்மன்." அக்காவின் குரலில் கோபம் இருக்கவில்லை. "உன்ர மனுசிக்கு ஒப்பரேசன் முடிய ஆறு கிழமை, ஒண்டரை மாசம், வந்து நிக்கிறன். எனக்கு அவவைப் பிடிக்கும். ஆனா ஞாயிறு பின்னேரம் என்னை வெம்பிளியில கொண்டுவந்து விடோணும். ஆறு கிழமை முடிய நான் திரும்பி இஞ்சதான் வருவன்."

"அப்ப யதுசனுக்கு அறை?" என்றார் சண்முகராசா.

"மேல் அறையை அவன் எடுக்கட்டும். எனக்கும் படி ஏறி முழங்கால் நோகுது. கேட்சருக்கு முழங்கால் போனா அவனைக் குந்தத் தேவையில்லாத முதலாம் பேஸுக்கு மாத்தி விளையாட வைப்பினம், ராசா. எனக்குக் கீழ முன் அறையைத் தா."

முன் அறை என்றதும் எல்லோரும் சண்முகராசாவைப் பார்த்தார்கள். கிங்ஸ்பரி வீட்டின் முன் அறையைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். கண்ணாடி அலுமாரி, பட்டமளிப்புப் படங்கள், விருந்தினர் வந்தால் மட்டும் உறை நீக்கப்படும் வெண்ணிறச் சோபா, வீட்டிலேயே பெரிய தொலைக்காட்சி. சண்முகராசா தானே அங்கு காலை நீட்டி உட்கார்ந்ததில்லை.

"அது வாற போற ஆக்கள் இருக்கிற இடமெல்லே அக்கா?"

"வாற போற ஆக்களுக்கு ஒரு அறை இருக்கு. இருக்கிற ஆளுக்கு இல்லையோ?"

சண்முகராசா மனைவியைப் பார்த்தார். அவர், "உந்தச் சோபா தூசு தட்டித் தட்டி எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார். விடயம் அத்துடன் முடிந்தது. அக்கா எழுந்து எல்லோருக்கும் இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார். பத்மநாதனுக்கு முந்திரிப்பருப்பு அதிகமாக விழுந்ததை நான் கண்டேன்.

திங்கட்கிழமை மாலை சோபாவை நகர்த்த நானும் போயிருந்தேன். ஒரு முனையைச் சண்முகராசாவும் மறுமுனையை நானும் பிடித்து, வாசல்நிலையில் சிக்கி நின்றபோது, யதுசன் கைத்தொலைபேசியுடன் படியிறங்கி ஓடிவந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமி, டெஸ் போறான். ஓமெண்டிட்டான். கிண்ணம் வெல்லக்கூடிய அணி, கடைசியா ஒருக்கா முயற்சி செய்து பாக்கப்போறானாம்."

அக்கா முன் அறையின் நடுவில், கழற்றிய திரைச்சீலையைத் தோளில் போட்டபடி நின்றார். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பதின்மூன்று வருடம் சும்மாவா?

"அவனைக் கேட்டவையோ?"

"கேட்டவை. யோசிக்க ஒரு நாள் எடுத்தவனாம். பிறகுதான் கையெழுத்து வைச்சவன்."

"அப்ப சரி. அவன் ஓமெண்டான், நான் மாட்டனெண்டன். ரெண்டு பேரையும் கேட்டிருக்கினம்." அவர் திரைச்சீலையை மடித்து வைத்தார். "அந்தப் புது அணி எங்கட நேரத்துக்கு எத்தினை மணிக்கு விளையாடுது எண்டு பார். பாத்திட்டு ஓடிவந்து உந்தச் சோபாவைப் பிடி. உன்ர அப்பாவுக்கு மூச்சு வாங்குது."