வந்ததற்கு ஒரு கட்டைவிரல்

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் பக்கத்து மேசை அக்காவுக்கு அட்மின் என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பில் சேர்ந்தவள், உடன் படிக்கும் அறுபது பேருக்காகப் போனில் ஒரு குழு தொடங்கியிருந்தாள். பட்டம் கைக்கு வந்தால் லேபின் பொறுப்பாளர் வேலை அவளுக்குத்தான். நான்கு வருடம் படித்து, கடைசித் தாளும் எழுதிவிட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். குழுவில் எது வந்தாலும் உடனே கீழே ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிடுவாள். ஒருவருடைய மாமனார் இறந்த செய்திக்கும் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். லேபில் வந்த பழக்கம் அது. இங்கே ரத்தக் குப்பி வந்ததும் பதிவேட்டில் ஒரு டிக் போட வேண்டும். வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். உள்ளே என்ன நோய் என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக டிக் போட்ட கை.

கடைசித் தாளை வீட்டிலிருந்தே கணினியில் எழுதினார்கள். பரீட்சை நடக்கும்போதே யாரோ ஒரு புண்ணியவான் நான்காம் கேள்விக்கு விடையைக் குழுவில் போட்டான். அடுத்த நிமிடம் அக்காவின் கட்டைவிரல். மற்றவர்கள் கமுக்கமாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். யாரோ அதைப் படம் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசாரணைக்குத் துணையாக நானும் போனேன். மூன்று பேராசிரியர்கள்.

"இதைப் பாத்தீங்களா?"

"வந்ததைப் பாத்தேன் சார். படிக்கல."

"படிக்காம எதுக்குக் கட்டைவிரல் போட்டீங்க?"

"வந்துச்சுன்னு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தண்ணீர் பாட்டில் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மதியம் முடிவு மின்னஞ்சலில் வந்தது. தாள் ரத்து. இரண்டு வருடம் பரீட்சை எழுதத் தடை. போனை என்னிடம் நீட்டினாள்.

"மரத்துப்போச்சுடி. ஒண்ணுமே தோணல."

பிறகு பதிவேட்டை இழுத்து வைத்து, வந்த குப்பிகளுக்கு டிக் போடத் தொடங்கினாள். நடுவில் போன் சிணுங்கியது. ஓரக்கண்ணால் பார்த்து விரலைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மாலையில் வெளியே வந்தோம். அவள் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். மகள் பள்ளிச் சீருடையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"வெளிய சாப்பிடப் போறோம்மா. நீ பாஸ்னு அப்பா சொன்னாரு."

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். 'முடிவு நல்லபடியா வந்துச்சா? பாப்பாவைக் கூட்டிட்டு வரட்டுமா?' கீழே அவளுடைய கட்டைவிரல்.

"ரத்து பண்ணிட்டாங்க," என்றாள் அக்கா. "இதை நான் படிக்கவே இல்லைங்க."

அவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படிக்காம எதுக்குக் கட்டைவிரல் போட்ட?"

அக்கா மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.