பார்க்கப் போன அறையில் ஒரு தூக்கம்

இரண்டாம் வருஷத்துக்கு ஹொஸ்டல் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். கொழும்பில் வெளியே எங்காவது போர்டிங் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விடுமுறையில் நான் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து போனில் அறைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாப் படத்திலும் யாரும் படுத்திராத ஒரு கட்டில், ஒரு வெள்ளைச் சுவர். பார்க்கப் பார்க்க அவையெல்லாம் ஒரே அறை போலவும், அதற்குள் நான் ஏற்கெனவே குடியிருந்தது போலவும் தோன்றும்.

எங்களுடையது வரக்காப்பொலவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டம். அது இலை உதிரும் காலம். மரங்கள் மொட்டையாக நிற்கும். வெயில் தடையில்லாமல் தரைவரை இறங்கும். யார் நடந்தாலும் சருகு சத்தம் முன்னால் வந்துவிடும். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியுமுன் எழும்பி மலைக்குப் போவார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பகல் சோறு தின்றதும் அப்படியே சாய்ந்துவிடுவார். மரங்களுக்கு ஓய்வு கொடுத்திருந்த அந்த நாட்களிலும் அவர் உடம்பு அதே கணக்கில்தான் நடந்தது.

“நானும் வாரேன் புள்ள. தனியா போயி வீடு கேட்டா ஏமாத்திருவானுங்க” என்றார்.

“கொழும்புல ஒங்களுக்கு யாரப்பா தெரியும்?”

“ஒன்னயத் தெரியும்ல.”

கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா என்னோடு முதல் பஸ்ஸில் ஏறினார். கண்டி வீதியில் பனி இன்னும் கலையவில்லை. கடைகள் ஒவ்வொன்றாகக் கதவு திறப்பதை அரைத் தூக்கத்தில் பார்த்தபடி வந்தேன். கொழும்பில் இறங்கியபோது, யாரோ எங்களைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

முதலில் பார்த்தது அறையே இல்லை. ஒரு மண்டபத்தைப் பலகையால் தடுத்து, தடுப்புக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருமினாள். அது என் காதுக்குள்ளேயே கேட்டது. அப்பா பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார். அடுத்துப் போன வீட்டின் சொந்தக்காரர் நன்றாகத்தான் பேசினார். என் சிங்களத்தில் எந்தக் குறையும் இல்லை. சின்ன வயதிலிருந்து பேசுகிற பாஷை. பெயரைக் கேட்டார், என் தமிழ்ப் பெயரைச் சொன்னேன். தன் தம்பி நேற்றே வேறு யாருக்கோ அறையைக் கொடுத்துவிட்டதாக அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கேட்டை மெதுவாக, மரியாதையாகவே சாத்தினார்.

“வா, ஒரு டீ குடிப்போம்” என்றார் அப்பா.

டீக்கடைக் கண்ணாடியில், அறை வாடகைக்கு என்று கையால் எழுதி ஒட்டியிருந்த தாள் ஒன்றைப் பார்த்துத்தான் அந்தக் கடைசி வீட்டுக்குப் போனோம். ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் பழைய மாடி வீடு. கதவைத் திறந்தது நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்த ஒரு சிங்கள அம்மா. என்னை “துவ” என்றார். மகளே என்று அர்த்தம். வெளிப்படிக்கட்டு வழியாக மேலே கூட்டிப்போய், அறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டார்.

“அடுப்பில கறி இருக்கு. உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க, வந்துர்றேன்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அப்பா கட்டிலில் உட்காரவில்லை. அடுத்தவர் மெத்தை என்று தரையில், சுவரோரமாக உட்கார்ந்தார். சிமெந்துத் தரை குளிர்ச்சியாக இருந்தது. “கொஞ்சம் சாஞ்சிக்கிறேன் புள்ள” என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தூங்கிவிட்டார். அது அவர் தூங்குகிற நேரம்.

எழுப்பலாமா என்று யோசித்தேன். முன்பின் தெரியாத வீடு. அந்த அம்மா வந்தால் என்ன நினைப்பார். ஆனால் அப்பா வீட்டில் தூங்குவது போலவே, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கினார். விசிறி சுற்றிச் சுற்றி ஒரே சொல்லைச் சொன்னது. ஒரு ரயில் வந்து, அறையை லேசாக ஆட்டிவிட்டுப் போனது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் எப்போது படுத்தேன் என்று தெரியாது.

கனவில் அந்த அறை எங்கள் மலையில் இருந்தது. நான்கு பக்கமும் மொட்டை மரங்கள். கூரை இல்லை, இலைகள் அவசரமே இல்லாமல் உள்ளே விழுந்துகொண்டிருந்தன. போனில் பார்த்த கட்டில்களெல்லாம் மரங்களுக்கு நடுவே வரிசையாகக் கிடந்தன. யாரோ பெண்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சருகு சத்தமில்லாமல் நடந்தார்கள். எனக்குப் பயமாக இல்லை. எல்லாருக்கும் இடம் இருந்தது.

விழித்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. கதவை யாரோ பாதி சாத்தியிருந்தார்கள். அப்பாவின் தலைமாட்டில் ஒரு தலையணை. அதை அவர் தலைக்கு அடியில் செருகாமல், பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கீழே முற்றத்தில் பேச்சுக் குரல்.

“அறை போயிருச்சு. ஆளுங்க மாடியில தூங்குறாங்க” என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னார். ஒரு தாயும் மகளும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

அப்பாவை உலுக்கினேன். “மழையா?” என்று எழுந்தார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. எழும்பியதும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். பிறகு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. படியில் இறங்கும்போதே கைகூப்பி, “சமாவென்ன நோனா” என்று மன்னிப்புக் கேட்டார்.

“எதுக்கு? நான் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவ. மருந்து குடுக்கிறதுன்னா மட்டுந்தான் தூங்குறவங்கள எழுப்புவேன்.” அவர் எங்களுக்கு பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வைத்தார். “எந்த ஊர்?”

“வரக்காப்பொல.”

“ஊரா, வத்தயா?”

வத்த என்றால் தோட்டம். காலையில் நடந்தது அப்பாவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்தார். “வத்த” என்றார். என் பெயரையும் அவரே சொன்னார்.

அந்த அம்மா தலையசைத்தார். “இப்ப வந்தவங்ககிட்ட அறை குடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன். உங்களக் கேக்காமயே சொல்லிட்டேன். சரிதானே?”

அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “சரிதானே புள்ள?”

“சரிப்பா.”

திரும்பி வருகிற பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தூங்கியெழுந்த முகம். வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “ரூம்பு எப்புடி? எத்தன ஜன்னல் இருக்கு? மேச கீச போட்டிருக்காங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் விசிறியையும் அந்த மஞ்சள் வெயிலையும் தவிர ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“காத்து வருது” என்றார் அப்பா கடைசியில்.

“இவ்வளவு தூரம் போயி என்னதான் பாத்துட்டு வந்தீங்க ரெண்டு பேரும்?” என்று அம்மா கரண்டியோடு நின்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.