மடியில் வந்த சென்சார்

பஞ்சு என்று அவருக்குப் பெயர் வைத்தது கம்பெனியில் லோடு ஏற்றுபவர்கள். லாரியை அவ்வளவு பதமாக ஓட்டுவார். ஏற்றிப் போவதெல்லாம் பரிசோதனைக் கூடங்களுக்கான கண்ணாடிக் குடுவைகள். இதுவரை ஒன்றுகூட உடைந்ததில்லை. வண்டி ஓட்டத் தெரிந்த மனிதருக்குப் பயப்படாமல் இருக்கத்தான் தெரியாது. மேனேஜர் தும்மினாலும் எழுந்து நின்றுவிடுவார்.

அந்தப் பயத்துக்குத் தீனி போட வந்தது தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். “மலிவாக் கிடைக்குது, லோடுக்கு ஒண்ணு வாங்கிட்டேன். வண்டி எங்க குலுங்கினாலும் பதிஞ்சிடும்” என்று சொல்லி, மேனேஜரே அதை ஒரு பெட்டியின் மேல் ஒட்டினார்.

ஊரைத் தாண்டியதும் பஞ்சுவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, சென்சாரைப் பிய்த்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு, பாவம். பாதி வழியில் குறுக்கே வந்த பைக்குக்காக வண்டியை ஒடித்ததில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் கேட்ட சத்தத்தில் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. இறக்கும் இடம் வருவதற்குள் சென்சாரைப் பழையபடி ஒட்டிவிட்டார்.

பெட்டிகளைத் திறந்தால் பாதிக் குடுவைகள் தூள். மறுநாள் மேனேஜர் கம்ப்யூட்டரில் சென்சார் பதிவைப் பார்த்தார். “வண்டி ஆடவே இல்லையே. அப்ப பேக்கிங்தான் சரியில்ல. பேக் பண்ணவனை நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடுங்க.”

பேக் செய்தவன் பஞ்சுவின் மனைவியுடைய தம்பி. வேலையில்லாமல் அக்கா வீட்டில் தலைகுனிந்து சாப்பிட்டவன், இப்போதுதான் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தான்.

பஞ்சு இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். தன் வேலை போனாலும் போகட்டும் என்று கடைசியில் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“சார், தப்பு என்னோடது. சென்சாரை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். வண்டி பள்ளத்துல இறங்கிடுச்சு.”

மேனேஜர் சிரித்துவிட்டார். “மச்சானைக் காப்பாத்த இப்படியா கதை விடுவீங்க? நீங்க வண்டி ஓட்டுறது எனக்குத் தெரியாதா? மெஷின் பொய் சொல்லாது. போய் வேலையைப் பாருங்க.”

வெளியே மச்சான் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தான். உள்ளே பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது.

“நெசமாவே நான்தான்டா” என்றார் பஞ்சு.

அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “விடுங்க மாமா. எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொன்னீங்களே, அது போதும். பேக்கிங்ல எங்க தப்புப் பண்ணேன்னுதான் எனக்கு இன்னும் புரியல.”