நொய்டா பக்கம், துவாரகா பக்கம்

"நொய்டா பக்கம்! நொய்டா பக்கம் இழு, வைதேஹி!"

வைதேஹி இடது கைத் துடுப்பை முழு பலத்தோடு இழுத்தாள். படகு திரும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் பத்ரி "ஐயையோ" என்றார். வலை கட்டுவதற்காக ஆற்றில் நட்டிருந்த மூங்கில் கழி படகின் ரப்பரைக் கிழித்தது. காற்று சீறி வெளியேறுவது இருவருக்கும் கேட்டது.

"நொய்டான்னு கத்தறேன், துவாரகா பக்கம் இழுக்கறியே!"

"நொய்டா பக்கம்தான் இழுத்தேன்."

டெல்லியில் வஜீராபாத் அணைக்கு மேலே, யமுனை சாக்கடையாகாமல் இன்னும் தண்ணீராக இருக்கும் இடம். காற்றடிக்கும் படகு அது. காற்று தனித்தனி அறைகளில் இருந்ததால் மூழ்கவில்லை. ஒரு பக்கம் தொய்ந்தது. பத்ரியின் ஷூவுக்குள் தண்ணீர் ஏறியது.

காலையில் பம்ப் அடிக்கும்போதே பத்ரி சொல்லியிருந்தார், இன்று எங்காவது மோதினால் படகை விற்றுவிட வேண்டும் என்று. வைதேஹி சரி என்றிருந்தாள்.

அமைச்சக வேலையில் இருக்கும்போதே அவளுக்குப் பார்வை குறைய ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் போயின. பிறகு நடுவும் போனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மயூர் விஹார் ஃப்ளாட்டில் உட்கார்ந்தாள். எங்கே போனாலும் யாராவது முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். நைனிதால் ஏரியில் ஒருமுறை, படகோட்டியிடம் கேட்டுத் துடுப்பை வாங்கிப் பார்த்தாள். துடுப்புப் போடுகிறவர் படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் உள்ளவருக்கும் அங்கே முன்னால் தெரியாது. அன்று மாலை வரை அவள் இறங்கவில்லை.

திரும்பி வந்ததும் பத்ரி படகு வாங்கினார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஞாயிறுதோறும் லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்து, எந்தத் துடுப்பை இழுப்பது என்று குரல் கொடுத்தார். உன் இடது, என் இடது என்று முதல் நாளே சண்டை வந்தது. நொய்டாவுக்கும் துவாரகாவுக்கும் இடையே ஓடும் மெட்ரோவின் ப்ளூ லைனிலேயே ஆபீஸ் போய் வந்தவர் பத்ரி. கிழக்குக் கரையை நொய்டா பக்கம் என்றும் மேற்குக் கரையை துவாரகா பக்கம் என்றும் வைத்துக்கொண்டார். போன வாரம் வரை வடக்கே கொஞ்ச தூரம் போய், திரும்பாமல் பின்னுக்குத் தள்ளியே கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இன்றுதான் முதல் முறையாகப் படகைத் திருப்பினார்கள்.

வைதேஹி துடுப்புகளைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, நாம இப்போ எந்தப் பக்கம் பாத்துப் போயிண்டிருக்கோம்?"

"தெற்கே. கரைக்கு."

"அப்போ நொய்டா என் வலது கைக்கு வந்துடுத்து. படகு திரும்பினா நொய்டாவும் கூடத் திரும்புமா? மெட்ரோவிலேயே குடித்தனம் பண்ணினவர் வழி சொன்னா இப்படித்தான்."

பத்ரி சிரிக்கவில்லை. "இதுக்கெல்லாம் தனியாப் பேர் இருக்கு. படகோட வந்த புஸ்தகத்துல போட்டிருந்தான். படகோட மூக்குப் பக்கம் பார்த்து நின்னா இடது போர்ட், வலது ஸ்டார்போர்ட். யார் எங்க உட்கார்ந்தாலும், படகு எங்க திரும்பினாலும் அது மாறாது. நமக்கெதுக்கு இந்த பந்தான்னு விட்டுட்டேன்."

"திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னார்.

"நான் பின்னால பார்த்து உட்கார்ந்திருக்கேன். அப்போ போர்ட் எப்பவும் என் வலது கை."

"எப்பவும்."

பார்வை போனதிலிருந்து எல்லோரும் அவளுக்கு 'அதோ', 'இந்தப் பக்கம்' என்றுதான் வழி சொன்னார்கள். சொல்கிறவர்களின் கண்ணில் இருந்தது அந்த 'அதோ'. இந்தப் பெயர்களோ படகின்மேலேயே ஒட்டியிருந்தன. இருட்டில் வேலை செய்த யாரோ வைத்திருக்க வேண்டும். அவர்களிடம் அவளுக்கு நன்றியாக இருந்தது.

"கரை வரைக்கும் இந்தப் பேர்லயே சொல்லுங்கோ. வழியில இன்னொரு தடவை இடிச்சா வித்துடலாம். விளம்பரத்துக்கு நானே ஃபோட்டோ எடுத்துத் தரேன்."

"நீ எடுத்தா யார் வாங்குவா?" என்றார் பத்ரி. பிறகு, "அச்சா, போர்ட். மெல்ல."

வலது கையால் மெல்ல இழுத்தாள். தொய்ந்த பக்கம் இழுபட்டது. கழிகள் இரண்டு புறமும் இருந்தன. "ஸ்டார்போர்ட். இன்னும் ஒண்ணு. நிறுத்து. ரெண்டும்." பத்ரியின் குரல் முதலில் நடுங்கியது. பிறகு, மெட்ரோவில் நிலையம் அறிவிப்பதுபோல் சமமாக வந்தது. கழிகளைத் தாண்டியதும் அவரே சொன்னார்.

"தாண்டியாச்சு."

"தெரியறது. நீங்க கத்தறதை நிறுத்திட்டேளே."

அடி மணலில் தட்டியது. பத்ரி முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"பயமா இருந்துதா?" என்றாள்.

"ரொம்ப."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும்தான். இறங்கு, ஷூவெல்லாம் தண்ணி."

மறுநாள் திங்கட்கிழமை. பத்ரி லக்ஷ்மி நகருக்குப் போய் சைக்கிள் கடையில் ஒட்டுப் பசை வாங்கி வந்தார். பால்கனியில் படகை விரித்துக் கிழிசலை ஒட்டினார்கள். பசை காய மாலையாயிற்று. துணி உலர்த்த இடமில்லாததால் துணிகளைக் கதவுகளின் மேல் போட்டார்கள். பெங்களூரிலிருந்து மகள் ஸ்ம்ருதி போனில் படகை விற்றாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றாள் வைதேஹி. இரவு உப்புமா செய்தார்கள்.