திங்கட்கிழமை இருமல்

சுற்றுச்சூழல் சுகாதாரம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அது என்ன படிப்பென்று எங்கள் நல்லூர் லைன் வீடுகளில் யாருக்கும் என்னால் விளங்க வைக்க முடியவில்லை. "கொசு மருந்து அடிக்கிற வேலைங்களா கண்ணு?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவோ, "தண்ணிய மோந்து பாக்கதுக்குப் படிக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்து, ஊரெல்லாம் சாயத் தண்ணீர்ப் பேச்சாக இருந்த காலம் அது. எல்லாரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

அம்மாவும் அந்த அக்காவும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் எதிரெதிரே நின்றவர்கள். நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். அக்கா இந்த ஊர்க்காரர். கல்லூரிக்குப் போகும் முன் ஒரு வருடம் நானும் அந்த மேசையில், தைத்து வரும் பனியன்களில் பிசிறு நூல் வெட்டியிருக்கிறேன். டீ வரும்வரை யாரும் வாயை மூட மாட்டார்கள். மாமியார், மழை, மெஷின் எதுவானாலும் ஆளுக்கொரு சொல் வைத்திருப்பார்கள். அதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன். எழுதப் பழகியதே அப்படித்தான்.

கடைசி வருட ஆய்வுக்குப் பஞ்சுத் தூசியும் மூச்சுக் கோளாறும் என்று தலைப்பு எடுத்தேன். தெரிந்த கம்பெனி என்பதால் அனுமதி எளிதாகக் கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பரீட்சை அட்டை, அதில் பல்கலைக்கழக முத்திரை குத்திய படிவங்கள். சூப்பர்வைசரே ஒவ்வொருவராக அழைத்து வந்து நிறுத்தினார். நகராமல் பக்கத்திலேயே நின்றார். முதலில் பக்கத்து வீட்டு அக்கா.

"இருமல் உண்டாக்கா?"

"இல்லீங்க. மாஸ்க் குடுத்துருக்காங்க. குடிக்க நல்ல தண்ணி இருக்குதுங்க. எட்டு மணி நேரந்தானுங்க வேலை."

தண்ணீரைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் நான் கேட்கவே இல்லை. காலையில்தான் "ஏ கண்ணு, கொஞ்சம் புளி இருந்தாக் குடு" என்று வாங்கிப் போனவர், இப்போது சுவரைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அம்மா. படிவத்தின் முதல் வரி பெயர். என் அம்மாவிடம் பெயர் கேட்டு எழுதினேன்.

"இருமல்?"

"கிடையாது மேடம்."

அன்று காலை பஸ்ஸில் கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருமியவள் அவள்.

சாயங்காலம் வீட்டில் சண்டை பிடித்தேன். "மேடமா நான்?"

"பின்ன? அட்டையும் கையுமா வந்து நின்னா எல்லாரும் ஆடிட்டுன்னுதான நெனப்பாவ!"

வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கும் முன் ஆள் அனுப்பித் தொழிலாளர்களிடம் விசாரிப்பார்கள். அதுதான் ஆடிட்டு. அது வரும் நாளில் புது மாஸ்க் வரும், கக்கூஸில் பினாயில் மணக்கும், சொல்ல வேண்டிய பதில்கள் முதல் நாளே பாடமாகிவிடும். நானும் ஒரு வருடம் ஒப்பித்தவள்தான். எப்படி மறந்தேனோ!

"நான் உன் மகதானம்மா?"

"நீ எம்மவதான். அந்தத் தாளு எனக்கு என்ன முறை வேணும்? எம்பேரும் இருமலும் ஒரே தாள்ல கெடந்து, அது ஆபீசுக்குப் போச்சுன்னா, நாளைக்கு என் எடத்துல வேற ஒருத்தி நிப்பா."



ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் நாற்பது படிவங்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் 'இல்லை'. "எனக்கும் அங்க ஒரு வேலை வாங்கிக் குடும்மா. ஊட்டியை விட நல்ல காத்தா இருக்கும்போலருக்கே" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பத்து நாளில் சரியான பதில்களோடு வராவிட்டால் ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக் குழாயடியில் துணி துவைக்க எல்லாரும் கூடியிருந்தார்கள். அடையாள அட்டையை வீட்டிலேயே மாட்டி வைத்துவிட்டுப் புதுப் படிவக் கட்டோடு போய் உட்கார்ந்தேன். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கட்டை வாங்கினாள். பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தாளிலும் பெயர் எழுதும் வரியை மட்டும் நேர்கோடு பிசகாமல் வெட்டி எடுத்தாள். வெட்டிய துண்டுகளை அடுப்புக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இப்பக் கேளு. முத ஆளு நானு. மூணு வருசமா இருமுதேன். ராத்திரி சாஞ்சு ஒக்காந்துதான் தூக்கம்."

ஒரே ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தான் நான் படுத்திருந்தேன்; அவள் உட்கார்ந்தே தூங்குவது எனக்குத் தெரியாது. படிப்பது மூச்சைப் பற்றி.

அக்கா சோப்பு நுரையோடு நிமிர்ந்தார். "எனக்குத் திங்கக்கெழம இருமலுங் கண்ணு. ஞாயித்துக்கெழம ஊட்டுல இருந்தா அதும் லீவு போட்டுருது. திங்கக்கெழம நான் கார்டு பஞ்ச் பண்றப்பவே அதும் கூட வந்து பஞ்ச் பண்ணிருது."

குழாயடியே சிரித்தது. "எனக்கும் அப்படித்தானுங்க" என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள். நூல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்த அடையாளம் அது: ஓய்வு நாளில் அடங்கி, வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும். என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ஆய்வைத் தேற்றியது அந்த ஓரம்தான்.

அம்மாவை டாக்டரிடம் கூப்பிட்டால், "ஞாயித்துக்கெழமன்னா வாரேன்" என்றாள். "அன்னைக்குப் போனா இருமல் லீவுல இருக்குமே" என்றேன். சிரித்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே "பேரு?" என்றார். அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். அவர் அடுத்ததைக் கேட்கும் முன்னே, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "இருமல்" என்றாள்.