பவிலியன் சுவரில் ஒரு பந்துவீச்சாளர்

பழைய மேசைக்குப் பூச நேற்று வாங்கிய ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததும், ஜெர்மன் நகரான பீலெஃபெல்டில் அப்போது இருந்த பிரித்தானியப் படைமுகாமின் கிரிக்கெட் பவிலியன், அதே எண்ணெய் பூசிய துடுப்புகளும் ஈரச் சப்பாத்துகளும் கலந்த வாசத்தோடு என் சமையலறைக்குள் வந்துவிட்டது.

அம்மா அங்கே சனிக்கிழமைகளில் துப்புரவு வேலை செய்தார். எட்டு வயதில் நானும் கூடப் போய், அவர் மரத்தரையைத் தேய்க்கிற சத்தத்தையும் தகரக்கூரையில் மழை விழுகிற சத்தத்தையும் கேட்டபடி நீண்ட மரவாங்கில் படுத்திருப்பேன். சுவரில் அந்தக்கால ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஒருவரின் மங்கிய படம் தொங்கியது. கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அதன் கீழிருந்த ஆங்கில வரிகளை அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார்: ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர், நாட்டுக்காக இரண்டே ஆட்டங்கள் ஆடியவர், முதலாம் உலகப் போரில் வலக்கையை இழந்தபின் ஊர்க் கழகத்துக்கு இடக்கையால் பந்து வீசியவர்.

அப்பாவும் ஒருகாலத்தில் பந்துவீச்சாளர்தான். யாழ்ப்பாணத்தில் போரின்போது ஷெல் பட்டு வலது தோள் உயராமற் போனதிலிருந்து கிரிக்கெட் என்ற சொல்லையே அவர் எடுப்பதில்லை. ஒரு சனிக்கிழமை எங்களைக் கூட்டிப்போக வந்தவரை அம்மா படத்தின் முன் நிறுத்தி, முழுவதையும் தமிழில் சொன்னார்.

"இஞ்ச பாருங்கோ, இந்த மனுசன் விளையாட்டை விட்டவரே?"

"எனக்கு இனி ஏலாது," என்றார் அப்பா.

அம்மா மூலையிலிருந்த பந்துப் பெட்டியிலிருந்து பழைய பந்தொன்றை எடுத்து அவருடைய இடக்கையில் வைத்தார்.

வெளியே வந்தோம். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அன்றைக்கு வெறும் புல்வெளி. அப்பா நாலடி ஓடி வீசினார். பந்து கோணலாகப் போய் வேலிக்குள் விழுந்தது. அவர் வெட்கத்தோடு சிரித்தார்.

"இன்னொண்டு தாரும்," என்றார்.